பதினோரு ஆண்டுகளாக என் கையில் ஒரு 1964 ஜாஸ்மாஸ்டர்

1964-இல் தயாரான ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ்மாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். வாரத்துக்கு இரண்டு ஒத்திகை, மாதத்துக்கு ஓரிரு மேடை என்று தொடர்ந்து உழைக்கிற கருவி அது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிற பொருள் அன்று. நான் வாங்குவதற்கு முன்பே யாரோ அதன் உடலுக்கு மறுவண்ணம் பூசியிருந்தார்கள். அந்தக் குறை இல்லாவிட்டால் அது எனக்கு எட்டியிருக்கவே எட்டியிருக்காது.

பழைய எலக்ட்ரிக் கிட்டாரின் விலையை முதலில் நிர்ணயிப்பது அதன் ஒலி அன்று; தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த உறுப்புகளில் எத்தனை இன்னும் மாறாமல் இருக்கின்றன என்ற கணக்குதான். ஃபெண்டர் நிறுவனம் 1965 ஜனவரியில் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸுக்கு 1.3 கோடி டாலருக்குக் கைமாறியது. அதற்கு முந்தைய கிட்டார்களுக்குச் சந்தையில் தனி மரியாதை உண்டு. ஆனால் மறுவண்ணம் பூசிவிட்டால், அதே ஆண்டைச் சேர்ந்த மாறாத கிட்டாரின் விலையில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும் என்பது சேகரிப்பாளர்களிடையே நெடுநாளைய வழக்கம். புகழ் சேர்ந்தால் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ராக் கலைஞர் எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ என்ற கிட்டார், ஃபெண்டரின் மற்றொரு மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 1950-களைச் சேர்ந்த மூன்றின் உறுப்புகளைச் சேர்த்து உருவானது. வேறொருவரிடம் இருந்திருந்தால் ஒட்டுப்போட்ட கிட்டார் என்று ஒதுக்கியிருப்பார்கள்; 2004-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போயிற்று.

வாங்கியபோது கழுத்தில் இருந்தவை பழைய ஃப்ரெட்டுகளே; சுரங்களைப் பிரிக்கும் குறுக்கு உலோகக் கம்பிகள் அவை. இயல்பிலேயே மெல்லியவை, ஐம்பது ஆண்டுத் தேய்மானத்தில் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் தந்தி பதிந்த இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. ஃப்ரெட்டுகள் பதிந்திருக்கும் பலகையான ஃப்ரெட்போர்டின் வளைவு ஆரம் அக்காலத்து ஃபெண்டரில் 7.25 அங்குலம், போட்டி நிறுவனமான கிப்சனில் 12 அங்குலம்; ஆரம் சிறிதானால் வளைவு அதிகம். கார்டு பிடிக்கும்போது ஃபெண்டரின் வளைவு விரல்களுக்கு மிக இதமாக இருக்கும். ஆனால் முதல் தந்தியைப் பதினைந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தி மேலே இழுத்தால், அது வளைவின் உச்சியை நோக்கி நகர்ந்து அடுத்த ஃப்ரெட்டில் தட்டும். சுரம் பாதியிலேயே அடங்கிவிடும். தந்திகளை உயர்த்தி வைத்து மூன்று ஆண்டுகள் விரல் நோக வாசித்தேன். விலை குறைந்துவிடுமே என்ற தயக்கம்தான் காரணம். பிறகு, மரத்தைத் தேய்க்கவே கூடாது என்ற நிபந்தனையோடு, சற்று உயரமான ஃப்ரெட்டுகளைப் பொருத்தச் சொன்னேன். பழுதுபார்த்தவர் மேல் ஃப்ரெட்டுகளின் நடுப்பகுதியை மட்டும் மயிரிழை அளவுக்குத் தட்டையாக்கிக் கொடுத்தார். அன்று மாலை வாசித்தபோது மூன்று ஆண்டுகளை வீணாக்கிவிட்டேன் என்றுதான் தோன்றியது.

ஜாஸ்மாஸ்டரின் நிரந்தரத் தொல்லை, உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் அதன் பிரிட்ஜ். 1958-இல் அறிமுகமான இந்தக் கிட்டார் ஜாஸ் கலைஞர்களை மனத்தில் கொண்டு, தட்டையான கம்பி சுற்றிய தடித்த ஃப்ளாட்வவுண்ட் தந்திகள் புழங்கிய காலத்தில் வடிவமைக்கப்பட்டது. பிரிட்ஜைத் தாண்டி, தந்திகளின் முனையைப் பிடித்திருக்கும் ட்ரெமோலோவுக்குத் தந்தி இறங்கும் கோணம் மிகவும் சிறியது என்பதால், தந்தியின் இழுவிசை ஒன்றுதான் அதைச் சாடிலில், அதாவது பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் உள்ள புரியிட்ட சிறு தாங்கியில், அமர்த்தி வைக்கிறது. மெல்லிய தந்தி போட்டுச் சற்று அழுத்தி மீட்டினால் ஆறாம் தந்தி தன் புரியிலிருந்து வழுக்கி அடுத்த புரிக்குத் தாவிவிடும். எனக்கு மேடையில் இரண்டு முறை நேர்ந்திருக்கிறது. முதல் தந்தி 0.011 அங்குலத் தடிமன் உள்ள தந்திகளுக்கு மாறி, கழுத்து பொருந்தும் குழியில் மெல்லிய மரத்தகடு ஒன்றைச் செருகி, பிரிட்ஜை அதற்கேற்ப உயர்த்திய பின் கோணம் கூடி இந்தத் தொல்லை ஒழிந்தது. சாடில்களின் சிறு திருகாணிகள் அதிர்வில் தாமாகவே இறங்குவதை, ஒவ்வொன்றின் மீதும் நிறமற்ற நகப்பூச்சு ஒரு துளி வைத்து நிறுத்தினேன். இவை எவையும் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத மாற்றங்கள் அல்ல.

கழுத்தின் உள்ளிருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை முடுக்கும் இடம் உடலோடு சேரும் முனையில் இருக்கிறது. எனவே கால் சுற்றுத் திருப்புவதற்கும் தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகாணிகளைக் கழற்றி, கழுத்தையே வெளியே எடுக்க வேண்டும். போதவில்லை என்றால் மறுபடியும் அதே வேலை. பருவம் மாறும்போதெல்லாம் ஒரு மாலைப்பொழுது இதற்கே போய்விடும்.

ஒலியைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஓர் ஏமாற்றத்தைச் சொல்ல வேண்டும். விற்றவர் இரண்டு பிக்கப்புகளும், அதாவது தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்களும், கைபடாதவை என்று உறுதியளித்திருந்தார். ஜாஸ்மாஸ்டரின் இரு பிக்கப்புகளும் ஒன்றுக்கொன்று எதிரான சுற்றும் காந்த முனையும் கொண்டவை. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்படி ஸ்விட்சை நடுவில் வைத்தால் மின் இரைச்சல் அடங்கிவிட வேண்டும். என்னுடையதில் அடங்கவில்லை. பிரித்துப் பார்த்தபோது, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பில் துணி உறையிட்ட பழைய ஒயருக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் ஒயர் இருந்தது. சாலிடரும் புதிதாய்ப் பளபளத்தது. யாரோ சுருளை மறுபடி சுற்றி, காந்தத்தை ஏற்றும்போது முனையை மாற்றிவிட்டு, ஒலி மெலியாதிருக்க இணைப்பையும் மாற்றிப் போட்டிருந்தார். இரண்டையும் நேராக்கிய பின் இரைச்சல் நின்றது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் அடியிலுள்ள பாட்களில் பொறித்திருக்கும் எண்களை அன்றே சரிபார்த்தேன்: 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனத் தயாரிப்பு, அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். கழுத்தின் அடியில் உள்ள முத்திரையில் முதல் எண்ணைப் பலர் தேதி என்று நினைக்கிறார்கள். அது மாடலைக் குறிக்கும் எண். இவற்றையெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன் பார்த்திருக்க வேண்டும்.

அகன்று தட்டையாகச் சுற்றிய சுருள்கள் என்பதால் ஒலி ஸ்ட்ராட்டோகாஸ்டரைவிட உருண்டது, ஆனால் மந்தமானது அன்று. மங்கலான ஒலிக்கு மாற்றும் மேல் பக்கத்து ரிதம் ஸ்விட்சை ஆண்டுக்கு நான்கு முறை தொட்டால் அதிகம்.

அரிதாக இருப்பதால் மட்டும் ஒரு கிட்டார் நல்ல கிட்டார் ஆகிவிடாது. 1958, 59-இல் கிப்சன் அனுப்பிய ஃப்ளையிங் வி கிட்டார்கள் நூற்றுக்கும் குறைவு. அன்று வாங்க ஆளில்லாததே அதற்குக் காரணம். ஜாஸ்மாஸ்டரும் ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்ததால்தான் சோனிக் யூத் போன்ற ராக் குழுக்களின் கைக்குப் போயிற்று. விலை பிறகே ஏறியது.

வெளிநாட்டு மேடைகளுக்கு இதை நான் எடுத்துச் செல்வதில்லை. அக்காலத்து ஃப்ரெட்போர்டுகள் பிரேசில் ரோஸ்வுட். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1992 முதல் உள்ள மரம் அது. உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லையில் சிக்கினால் கருவியே போய்விடக்கூடும். வெளிநாட்டு மேடைகளுக்கென வைத்திருக்கும், பழைய மாதிரியிலேயே செய்த புதிய மறுபதிப்பு, நேர்மையாகச் சொன்னால், இசைவு கலையாமல் நிற்பதில் பழையதை மிஞ்சுகிறது. வாசிப்பதற்கு மட்டும் கேட்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன். இருந்தும் வீட்டில் கை தானாகப் போவது பழையதன் மீதுதான். முன்பு வாசித்தவர்களின் கட்டைவிரல் பட்டுப் பட்டுப் பூச்சு தேய்ந்து, வெறும் மேப்பிள் மரமாகிவிட்ட அந்தக் கழுத்துக்கு இணையாகப் புதியதில் ஒன்றும் இல்லை.

கிட்டார் பெட்டிக்குள் ஒரு காகித உறை இருக்கிறது. கழற்றிய பழைய ஃப்ரெட்டுகள், மாற்றிய திருகாணிகள், எந்த நாளில் என்ன வேலை நடந்தது என்ற குறிப்பு ஆகியவற்றை அதில் போட்டு வைத்திருக்கிறேன். என்றைக்காவது விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் கிட்டாரைத் தொடுவதற்கு முன் அந்த உறையைத்தான் கேட்பார்.