அக்கா அமெரிக்காவில் இருந்தால் தம்பிக்கு என்ன கிடைக்கும்?

மாதத்துக்கு ஒரு தடவை ராஜபாளையத்திலிருந்து தம்பி கூப்பிடுவான். ஊர்க்கதை, மழை, அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்பான்: "அக்கா, தேதி நகர்ந்துச்சா?"

அவன் கேட்பது விசா புல்லட்டினைப் பற்றி. எந்த ஆண்டு மனு போட்டவர்களின் முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் அட்டவணை அது. குடியுரிமை கிடைத்த கையோடு 2011-இல் அவனுக்காக மனு போட்டேன். அப்போது அவனுக்கு 29 வயது, மகளுக்கு இரண்டு. இப்போது அவனுக்கு 44, அவளுக்கு 17. அட்டவணையோ 2025 முடியும்போதும் 2006-லேயே நின்றுகொண்டிருந்தது.

இந்தப் பதினைந்து வருடத்தில் தம்பி தங்கையை அழைத்துவர வழி கேட்டு என்னிடம் பேசியவர்கள் நிறைய. எல்லாரும் 'எங்கே சீக்கிரம் கிடைக்கும்?' என்றுதான் ஆரம்பிப்பார்கள். 'நீங்கள் அங்கே இருப்பதற்கு அந்த நாடு என்ன மதிப்புக் கொடுக்கிறது?' என்று நான் திருப்பிக் கேட்பேன். பிரிட்டனில் அந்த மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அன்றாட வேலைக்கே ஆள் துணை வேண்டும் என்ற நிலையில் தம்பி இருந்தாலொழிய அங்கே அவனுக்கென்று விசா கிடையாது. நியூசிலாந்தில் இருந்த உடன்பிறந்தோர் பிரிவை 2012-இல் மூடிவிட்டார்கள். பேச மிச்சம் இருப்பவை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா.

அமெரிக்கா: நேரடி மனு

மற்ற நாடுகளோடு பார்த்தால் அமெரிக்காதான் தாராளம். 21 வயது நிரம்பிய குடிமகன் யாரும் உடன்பிறந்தவருக்காக ஐ-130 மனு போடலாம். தம்பிக்குப் படிப்பு, ஆங்கிலம், வயது எதுவும் தடையில்லை. கிரீன் கார்டு, அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை, மட்டும் வைத்திருப்பவர் இந்த மனுவைப் போட முடியாது. 2024-இல் உயர்த்திய கட்டணப்படி காகிதத்தில் போட்டால் 675 டாலர், இணையத்தில் 625. அந்த ஒரே மனுவில் தம்பியின் மனைவியும், திருமணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அடக்கம்.

இவ்வளவு தாராளம் காட்டியவர்கள் எண்ணிக்கையில் கையை இறுக்கிவிட்டார்கள். எஃப்4 என்ற இந்தப் பிரிவுக்கு உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 65,000 விசா. ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தியாவுக்கு வருவது ஏறத்தாழ 4,500. அதிலும் மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு விசா கழியும். நாலு பேர் குடும்பமாக வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்கள், அவ்வளவுதான்.

'2006 நடக்கிறது, அப்படியானால் 20 வருடம் ஆகும்' என்று கணக்குப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 2015 வாக்கில் இதே அட்டவணை 2003-இல் நின்றது. பத்து வருடத்தில் அது நாலு வருடம்கூட நகரவில்லை. இன்று புதிதாக மனு போடுபவருக்கு 20 வருடம் என்பது நல்ல காலம் இருந்தால் கிடைப்பது. அதற்குள் சட்டமே மாறலாம். இந்தப் பிரிவை எடுத்துவிடும் மசோதா 2013-இல் செனட்டில் நிறைவேறியது, கீழவையைத் தாண்டவில்லை.

உடன்பிறந்தவர் யார் என்பதில் நமக்கும் அவர்களுக்கும் கணக்கு வேறு. பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்போம். ஐ-130 படிவத்துக்கு அவர் யாரோ. அப்பாவோ அம்மாவோ ஒருவராவது பொதுவாக இருக்க வேண்டும். அடுத்த வில்லங்கம் இனிஷியல். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, தம்பியுடையதில் தாத்தா பெயரோடு சேர்த்து வேறு மாதிரி. இருவரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்று காட்டப் பள்ளி டிசி, ரேஷன் கார்டு, பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரம் என்று ஒரு கட்டு அனுப்பினோம். சான்றிதழே பதிவாகாத பழைய காலத்துப் பிறப்பு என்றால் நகராட்சியிலோ தாலுகா அலுவலகத்திலோ 'பதிவு இல்லை' என்று எழுதி வாங்கி வைக்க வேண்டும். ஊரில் பெரியவர்கள் இருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது.

இவ்வளவு நீண்ட காத்திருப்பில் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். மனு போட்டவர் இடையில் இறந்துவிட்டால், தம்பி இந்தியாவில் இருக்கும் பட்சத்தில் மனுவும் அவரோடு போய்விடும். மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கக் கோரலாம், கிடைக்கும் என்று உறுதியில்லை. இரண்டு அக்காமார் குடிமக்களாக இருந்தால் இருவருமே தனித்தனியாக மனு போடுவது இதற்காகத்தான். தம்பி மனைவியின் அண்ணனும் அங்கே குடிமகனாக இருந்தால் அவரும் தன் தங்கைக்குப் போடட்டும். எது முதலில் வந்தாலும் குடும்பமே வரலாம்.

நாங்கள் அறியாமல் செய்த தவறு வேறொன்று. மனு போட்ட பிறகுதான் தம்பி சுற்றுலா விசாவுக்குப் போனான், என் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக. 'உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா?' என்று விண்ணப்பத்திலேயே கேள்வி இருக்கிறது. ஆம் என்றுதான் பதில் சொல்ல வேண்டும், பொய் சொன்னால் ஆயுளுக்கும் கதவு மூடும். வந்தால் திரும்பிப் போக மாட்டார் என்ற சந்தேகத்துக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி ஆனது. விசா கிடைக்கவில்லை. மனு இருந்தும் சுற்றுலா விசா வாங்கியவர்களும் உண்டு. ஆனாலும் என்னைக் கேட்டால் முதலில் பத்து வருட சுற்றுலா விசாவை வாங்கிவிட்டு அப்புறம் மனுப் போடச் சொல்வேன்.

பிறந்த நாடு எது என்பதை நம்மவர்களில் சிலர் யோசித்துப் பார்ப்பதில்லை. அமெரிக்க வரிசையில் கணக்கு கடவுச்சீட்டை வைத்து இல்லை, பிறந்த இடத்தை வைத்துத்தான். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகக் குடும்பங்கள் நீலகிரியில் எத்தனையோ. அந்தக் குடும்பத்தில் இலங்கையில் பிறந்தவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலும் இலங்கைக் கணக்கில் வருவார். மனைவி அங்கே பிறந்தவர் என்றாலும் கணவர் அந்தக் கணக்கைப் பயன்படுத்தலாம். எஃப்4-இல் இதனால் மிச்சமாவது ஒன்றிரண்டு வருடம்தான். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இல்லாத கிரீன் கார்டு குலுக்கலில் அவர்கள் சேர முடியும். அந்தக் குலுக்கலையும் நிறுத்தி வைப்பதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள், அதனால் இப்போதைக்கு அதை நம்ப வேண்டாம்.

அப்பா அம்மா வழியாக

'முதலில் அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு வாங்கு, அவர்கள் தம்பியைக் கூப்பிடட்டும்' என்பது எல்லா விசேஷ வீட்டிலும் கிடைக்கும் யோசனை. பாதி சரி.

குடிமகன் தன் பெற்றோரை அழைக்க எண்ணிக்கை வரம்பு இல்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் முடிந்துவிடும். கிரீன் கார்டு பெற்ற அம்மா, திருமணமாகாத வளர்ந்த மகனுக்கு எஃப்2பி பிரிவில் மனு போடலாம். அந்த வரிசை 2025-இல் 2016-ஐ ஒட்டி நின்றது, அதாவது ஏறத்தாழ 9 வருடம். நேரடி மனுவில் பாதிதான். தம்பிக்கு 21 வயதுகூட ஆகவில்லை என்றால் இன்னும் வேகமான வரிசை உண்டு.

அழுத்திப் படிக்க வேண்டிய சொல் 'திருமணமாகாத'. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மா போட்ட மனு ஆறு வருடம் காத்திருந்தது. நல்ல சம்பந்தம் வந்தது, மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். தாலி ஏறிய அன்றே மனு செத்துப் போனது. கிரீன் கார்டுக்காரரின் திருமணமான பிள்ளைக்கு அமெரிக்கச் சட்டத்தில் பிரிவே கிடையாது. அம்மா குடியுரிமை வாங்கும்வரை பொறுத்திருந்தால் மனு குடிமக்களின் திருமணமான பிள்ளைகளுக்கான எஃப்3 பிரிவுக்கு மாறி, பழைய தேதியோடு பிழைத்திருக்கும். அவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

தம்பிக்கு ஏற்கெனவே கல்யாணமாகிவிட்டது என்றால் பெற்றோர் குடிமக்களான பிறகே மனு போட முடியும். கிரீன் கார்டுக்கு ஒன்றிரண்டு வருடம், குடியுரிமைக்கு 5, அதன் பிறகு எஃப்3 வரிசையில் 14-க்குக் குறையாமல். கூட்டிப் பார்த்தால் நேரடி மனுவைவிடப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் நடக்க அப்பாவும் அம்மாவும் இங்கேயே தங்கி வாழ வேண்டும். ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இருந்தால் குடியுரிமைக் கணக்குக்கே சிக்கல் வரும். என் அம்மா டாலஸில் ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு, "ரோட்டுல ஒரு மனுஷர நடந்து போகப் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போனவர். பிள்ளைகளின் விசாவுக்காக எழுபது வயதுக்காரரை அயலூர் வீட்டுக்குள் உட்கார்த்தி வைப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அவர்களே பேரப்பிள்ளைகளோடு இருக்க ஆசைப்பட்டு வருகிறார்கள் என்றால் அது வேறு கதை.

ஆக, கல்யாணமாகாத இருபது வயதுத் தம்பிக்கு இந்த வழிதான் மேல். கல்யாணமானவருக்கு நேரடி மனுவே போதும்.

வேலை, படிப்பு, பணம்

ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கு அக்கா அங்கே இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஆண்டுக்கு 85,000 இடம், குலுக்கல். போதாததற்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கப்படுபவருக்கு நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஆணை வந்தது. ஒரு ஆறுதல், எஃப்4 மனு நிலுவையில் இருப்பது ஹெச்-1பிக்கும், ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றத்தில் வருபவருக்கான எல்-1க்கும் இடைஞ்சல் இல்லை. மாணவர் விசாவுக்கு இடைஞ்சல்தான்.

முதலீட்டு வழியான இபி-5க்கு குறைந்தது 8,00,000 டாலர், ஏறத்தாழ 7 கோடி ரூபாய். அந்தப் பணத்தை அக்காவே தம்பிக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாம், எப்படிச் சம்பாதித்தது என்று கணக்குக் காட்டினால் போதும். அவ்வளவு வைத்திருக்கும் அக்காக்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கனடாவும் ஆஸ்திரேலியாவும்

இந்த இரண்டு நாட்டிலும் அக்கா மனு போட முடியாது. கனடாவில் பெற்றோரை இழந்த 18 வயதுக்குட்பட்ட தம்பி போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. ஆனால் அதிக மதிப்பெண் உள்ளவர்களை விண்ணப்பிக்க அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறையில், கனடாவில் வசிக்கும் அக்கா ஒருவர் இருந்தால் 15 மதிப்பெண் கூடும். 2017 ஜூனில் வந்த விதி. அக்கா குடிமகளாக இருக்க வேண்டியதில்லை, நிரந்தரவாசியாக இருந்தாலே போதும். மனைவியின் உடன்பிறந்தவர் இருந்தாலும் சரி. 1,200-க்கு 15 அற்பமாகத் தெரியும். அழைப்பு ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறிப் போகும் இடத்தில் அது அற்பமில்லை.

கனடாவில் காத்திருப்பதால் நஷ்டம்தான். தனியாள் விண்ணப்பத்தில் 29 வயதுவரை வயதுக்கு 110 மதிப்பெண், 35-இல் 77, 40-இல் 50, 45-இல் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வருடம் போகப் போக வரிசையில் முன்னேறுவோம். கனடாவில் வருடம் போகப் போகக் கரைந்துகொண்டே இருப்போம். 2025-இல் கனடிய வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான அழைப்புகளே 500-க்கு மேல் கேட்டன. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான தனிச் சுற்றில் அதைவிட நன்றாகவே குறைந்த மதிப்பெண்ணுக்கும் அழைப்பு வந்தது. மானிடோபா மாகாணத்தில் உடன்பிறந்தவர் வாழ்ந்தால் அந்த உறவை வைத்தே மாகாணத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக மாகாணம் தேர்ந்தெடுத்தால் 600 மதிப்பெண் கூடும், பிறகு அழைப்பு வந்த மாதிரிதான். என் ஓர்ப்படியின் தங்கை வின்னிபெக் போனது அப்படித்தான். குளிரைப் பற்றி அவள் சொல்வதைக் கேட்டால் என் அம்மா டாலஸை மன்னித்துவிடுவார்.

ஆஸ்திரேலியாவில் இருப்பது 491 என்ற, மதிப்பெண் அடிப்படையிலான விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் நீங்கலான பகுதியில் வசிக்கும் அண்ணனோ அக்காவோ ஆதரவு கொடுத்தால் 15 மதிப்பெண். அங்கே தேர்ச்சிக்கே 65 என்பதால் கனடாவின் 15-ஐவிட இந்த 15-க்கு எடை அதிகம். அடிலெய்டும் பெர்த்தும் இந்தக் கணக்கில் 'பிராந்தியம்' என்பதால் காட்டுக்குள் போக வேண்டிய பயமில்லை. வயது 45-க்குள் இருக்க வேண்டும், தொழில் அவர்களின் பட்டியலில் இருக்க வேண்டும். விசா 5 வருடத்துக்கு. மூன்று வருடம் அங்கே வாழ்ந்து வருமானம் காட்டினால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப ஆதரவுப் பிரிவில் அழைப்புகள் குறைவு என்பதால் 65-ஐத் தொட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது.

எனவே முப்பதுகளில் இருக்கும், கைத்தொழிலோ பட்டமோ உள்ள தம்பிக்கு இந்த இரண்டு நாடுகள்தான் என் முதல் பதில். பத்தாவதோடு நிறுத்திவிட்டு ஊரில் கடை வைத்திருக்கும் தம்பிக்கு அமெரிக்க மனுவைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதை இன்றே போட்டுவிட்டு, முகவரியும் மின்னஞ்சலும் மாறும்போதெல்லாம் தெரிவித்துக்கொண்டு, அது இருப்பதையே மறந்துவிட்டு வாழ வேண்டும். முறை வந்துவிட்டதாகக் கடிதம் வந்து ஒரு வருடம் பதில் போடாமல் விட்டால் பதிவே ரத்தாகும்.

நாங்கள் மறக்கவில்லை, அதுதான் பிழை. என் தம்பி மின் பொறியாளர். 35 வயதில் கனடாவுக்கு முயன்றிருக்கலாம். 'அக்காவின் மனு இருக்கிறதே' என்று மில் வேலையோடு இருந்துவிட்டான். இப்போது அவனுக்குத் தனியாள் கணக்கில்கூட வயது மதிப்பெண் 6.

அவன் மகள் விஷயத்தை மட்டும் போன வாரம் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பிள்ளைக்கு 21 கடந்துவிட்டால் மனுவிலிருந்து விழுந்துவிடும். ஆனால் மனு ஒப்புதலுக்காகக் கிடந்த காலத்தை வயதிலிருந்து கழிக்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. எங்கள் மனு ஒப்புதலாக 5 வருடம் ஆனது. அப்போது திட்டினேன், இப்போது அந்தத் தாமதம்தான் அவள் சொத்து. தேதி இதே வேகத்தில் போனால் எங்கள் முறை வர இன்னும் 11 வருடமாவது ஆகும். அப்போது அவளுக்கு 28. ஐந்தைக் கழித்தால் 23.

"அப்ப நான் வர முடியாதுல்ல, அத்தை?" என்றாள். பெரிய வருத்தமாகத் தெரியவில்லை. மதுரையில் பிரெஞ்சு வகுப்பு எங்கே நல்லா இருக்கும் என்று அவள் தேட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறதாம்.