கோரைக்கு மருந்து என்று வீடு தேடி வருபவரை நம்பாதீர்கள்

சம்பங்கி போட்டிருக்கும் உறவுகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சத்தியமங்கலம் பக்கம் எனக்கு 50 சென்ட் பிரஜ்வல் ரகச் சம்பங்கி இருக்கிறது. நட்டு ஒன்றரை வருஷம். பாத்தி முழுக்கக் கோரை, மண்ணுக்குள் கிழங்கு விட்டுப் பரவுகிற களை. ஆள் விட்டுக் கொத்தினாலும் இருபது நாளில் மறுபடியும் பச்சை கட்டிவிடும். அந்தச் சலிப்பில்தான் மாட்டிக்கொண்டேன்.

போன ஆவணியில் ஒருவர் வண்டியில் வந்தார். பக்கத்து ஊர் உரக்கடை ஆள் என்றார். "ஒரே தெளிப்புங்க, கோரை கிழங்கோட செத்துரும். சம்பங்கிக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நான் கேரண்டி" என்றார். மருந்து, தெளிப்புக் கூலி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். பில் கேட்டதற்கு, "கடைக்கு வாங்க, போட்டுத் தர்றேன்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். வெள்ளைக் கேன், லேபிள் கிடையாது, மூடி ஏற்கெனவே திறந்தது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கோரை வைக்கோல் மாதிரி காய்ந்து கிடந்தது. அவரும் வந்து போட்டோ எடுத்தார், மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் நாள் அம்மா களைக்கொத்தால் ஓரிடத்தில் கிளறி, "இங்க வந்து பாரு சாமி" என்று கூப்பிட்டார். கறுத்த கோரைக்கிழங்கு ஒன்றை நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே தேங்காய்ப் பருப்பு போல வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர் ஓடியது. இழுத்தால் வரிசையாக இன்னும் நான்கு கிழங்குகள். எல்லாவற்றிலும் முளை. சம்பங்கியில் மருந்து பட்ட இலைகள் மட்டும் கருகி நின்றன. இரண்டு பாத்தியில் ஐந்து வாரம் பூவே எடுக்கவில்லை.

பிறகு விசாரித்ததில்தான் புரிந்தது. இலையை மட்டும் கருக்கும் மருந்து கிழங்குக்குள் இறங்காது. கிளைபோசேட் மாதிரி உள்ளே இறங்குகிற மருந்து என்றால் சம்பங்கி இலையில் பட்டாலும் அதன் கிழங்குக்கும் இறங்கிவிடும். கோரைக்கென்றே ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் இருக்கிறது, ஆனால் அது கரும்பு, மக்காச்சோளம் போன்ற பயிர்களுக்குப் பரிந்துரைத்தது. நிற்கிற சம்பங்கியில் ஒரே தெளிப்பில் கோரை ஒழியும் என்று யார் சொன்னாலும் அது பொய்தான்.

எனக்கு இன்னும் ஆறாதது வேறு. தெளித்த பையன் கையுறைகூடப் போடவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் எந்த மருந்து என்று டாக்டரிடம் சொல்லியிருப்பேன்? லேபிளில் பதிவு எண், தொகுதி (பேட்ச்) எண், காலாவதி தேதி, விஷத்தின் அளவைக் காட்டும் நிறக்கட்டம், முறிவு மருந்து எல்லாம் இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது வெறும் வெள்ளைக் கேன்.

உரக்கடையில் கேட்டால், "அந்த ஆளை எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார்கள். வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போனேன். பில்லும் தொகுதி எண்ணும் கேட்டார்கள். இரண்டும் இல்லை. புகாரை எழுதி வாங்கிக்கொண்டதோடு சரி. உங்களிடம் பில் இருந்தால் அங்கேயே விடாதீர்கள், நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லுங்கள்.

புதிதாக நடப்போகிறவர்கள் அவசரப்பட்டு மண்ணைப் பொடியாக்கும் ரோட்டாவேட்டர் ஓட்டாதீர்கள். கிழங்குகளைக் கோத்திருக்கும் வேர்ச் சங்கிலி அறுந்தால் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். கோடையில் கொக்கிக்கலப்பை போட்டுக் கிழங்கை மேலே கொண்டுவந்து வெயிலில் நன்றாகக் காயவிட்டால் நிறையச் சாகும். களை வராமல் மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட்டையும் கோரை குத்திக்கொண்டு வெளியே வரும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நான் இப்போது முளைத்து இரண்டு வாரம் தாண்டுவதற்குள், புதுக்கிழங்கு கட்டும் முன்பே, கிழங்கோடு தோண்டி எடுக்கிறேன். வாளியில் போட்டுக் களத்தில் கொட்டிக் காயவைக்கிறோம். பதினெட்டுப் பாத்தியில் ஆறு முடிந்திருக்கிறது.