தொழில்முனைவு அறிமுகப் பாடம் எடுக்கலாமா? 12 வாரம் படித்த என் அனுபவம்

போன செமஸ்டரில் விருப்பப் பாடமாகத் தொழில்முனைவு அறிமுகம் எடுத்தேன். 12 வாரம், வாரத்துக்கு ஒரு மூன்று மணி நேர வகுப்பு, ஐந்து பேர் கொண்ட டீம், கடைசி வாரம் நடுவர்கள் முன்னால் ஒரு பிட்ச், அதாவது நம் தொழில் யோசனையைச் சில நிமிடங்களில் விளக்கிச் சொல்லும் பேச்சு. இப்போது அடுத்த செமஸ்டருக்குப் பெயர் கொடுக்கும் நேரம் என்பதால் ஜூனியர்கள் நிறையப் பேர் "எடுக்கலாமா அக்கா?" என்று கேட்கிறார்கள். எடுங்கள். ஆனால் பெயர் கொடுப்பதற்கு முன்னால் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். வாடிக்கையாளர்களை நேரில் போய்ப் பார்த்துப் பேசுகிற வேலை அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் விரிவுரையும் பிட்ச்சும் மட்டும் என்றால் வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம் கொஞ்சம் இழுவை. தொழில்முனைவோர் என்றால் யார், பொருளாதார அறிஞர் ஷும்பீட்டர் 1942-இல் பேசிய படைப்பாக்க அழிவு (புதியது வந்து பழைய தொழில்களை ஒழித்துவிடுவது) என்றால் என்ன என்றெல்லாம் ஸ்லைடு ஸ்லைடாகப் போனது. இந்தப் பாடமே எப்படித் தொடங்கியது என்று சொன்ன பகுதி மட்டும் மனதில் நின்றது. 1947-இல் ஹார்வர்டில் மைல்ஸ் மேஸ் என்ற பேராசிரியர் நடத்திய வகுப்பைத்தான் பெரும்பாலும் முதல் தொழில்முனைவுப் பாடம் என்று சொல்கிறார்கள். போர் முடிந்து திரும்பி வந்து, சொந்தமாக ஏதாவது செய்து பிழைக்க வேண்டும் என்று நினைத்தவர்களை மனதில் வைத்துத் தொடங்கியதாம். அதைக் கேட்டதும் இந்தப் பாடம் பெரிய கம்பெனி கட்டும் கனவுக்காரர்களுக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தது மாறியது.

அப்புறம் தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதியின் ஆய்வு வந்தது. அனுபவமுள்ள 27 தொழில்முனைவோரிடம் ஒரே தொழில் சிக்கலைக் கொடுத்து, அவர்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். அவர்களில் பெரும்பாலானோர் இலக்கை முதலில் வைத்துக்கொண்டு அதற்குப் பணம் தேடுவதில்லை. நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும் என்று கையில் இருப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். எவ்வளவு லாபம் வரும் என்று கேட்பதை விட, எவ்வளவு போனால் என்னால் தாங்க முடியும் என்று கேட்கிறார்கள். முதலும் இல்லாமல், சொல்லிக்கொள்ளும்படி அனுபவமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவிக்கு இதைவிடத் தைரியம் தரும் விஷயம் வேறு இல்லை. இதற்கு ஒரே ஒரு மணி நேரம்தான் ஒதுக்கினார்கள், இரண்டு வாரம் நடத்தியிருக்கலாம்.

மூன்றாவது வாரம் டீம் பிரித்தார்கள். எங்கள் டீமின் யோசனை ரொம்பச் சாதாரணமானது. மாணவர்களுடைய ப்ராஜெக்ட் அறிக்கைகளை பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அறைக்கே கொண்டு போய்க் கொடுப்பது. சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு பிரிண்ட் கடையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஆஸ்டர்வால்டரின் பிசினஸ் மாடல் கேன்வாஸைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். ஒரே தாளில் ஒன்பது கட்டம்: யாருக்கு விற்கிறோம், அவருக்கு என்ன பயன், எந்த வழியாகப் போய்ச் சேருகிறது, வருமானம் எங்கிருந்து, செலவு எதற்கு, இப்படி. ஒரே மணி நேரத்தில் ஒன்பதையும் நிரப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஆசிரியர் பார்த்துவிட்டு, "இதுல நீங்க விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது எது, நினைச்சுக்கிட்டது எது? நினைச்சதுக்கெல்லாம் சிவப்புல கோடு போடுங்க" என்றார். ஒன்பது கட்டமும் சிவப்பானது.

அங்கேயிருந்துதான் எனக்குப் பாடம் தொடங்கியது என்று சொல்வேன்.

நான்காவது வாரம் 20 பேரிடமாவது பேசிவிட்டு வர வேண்டும். நாங்கள் 22 பேரிடம் பேசினோம். "பிரிண்ட் எடுத்து அறைக்கே கொண்டு வந்து தர்ற சேவை இருந்தா பயன்படுத்துவீங்களா?" என்பது எங்கள் கேள்வி. 20 பேர் ஆமாம் என்றார்கள். பெரிய சந்தோஷத்தோடு வகுப்பில் சொன்னோம். ஆசிரியர் பாராட்டவில்லை. "உங்க முகத்தைப் பார்த்து வேண்டாம்னு யாரும்மா சொல்வாங்க? அந்த 20 பேர்கிட்டயும் போய், அடுத்த அறிக்கைக்கு இப்பவே சின்னதா ஒரு முன்பணம் கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டோம். மூன்று பேர் கொடுத்தார்கள். மீதிப் பேர் எல்லாம் நல்லவர்கள், பொய் சொல்லவில்லை. கேட்டபோது அவர்களுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டிருக்கிறது. ஆனால் நல்ல யோசனை என்று தோன்றுவதும் பையிலிருந்து பணம் எடுப்பதும் வெவ்வேறு என்பதை அந்த வாரம் நான் பார்த்தேன், அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அடுத்த வாரம் கேள்வியை மாற்றச் சொன்னார். வருங்காலத்தைப் பற்றிக் கேட்காதே, நடந்ததைக் கேள். எங்கள் யோசனையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. "கடைசியா எப்ப அறிக்கை கொடுத்தீங்க? அன்னிக்கு என்ன நடந்தது, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் ரொம்பச் சங்கடமாக இருந்தது, இடையில் அமைதி வந்தால் நாமே பேசி நிரப்பிவிடத் தோன்றும். ஆனால் பொறுமையாக இருந்தால் ஆட்கள் சொல்கிறார்கள். ஒருவர் பக்க எண் சரியாக விழாமல் மூன்று தடவை திரும்பப் போயிருக்கிறார். இன்னொருவர் பொருளடக்கத்தைக் கையால் தட்டச்சு செய்திருக்கிறார், கடைசி நேரத்தில் ஒரு பக்கம் சேர்த்ததும் எல்லா எண்ணும் மாறிப்போய் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். மார்ஜின் தப்பு என்று வழிகாட்டி கையெழுத்துப் போட மறுத்த கதை மட்டும் ஐந்து பேர் சொன்னார்கள். பிரிண்ட் கடைக்குப் போவது யாருக்கும் பெரிய கஷ்டமாகவே இல்லை. அறிக்கையைப் பார்க்கிற மாதிரி வடிவமைப்பதுதான் கஷ்டம். நாங்கள் இத்தனை நாளாகத் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

வாடிக்கையாளரின் பிரச்சினையை முதலில் கண்டுபிடி, தீர்வு பிறகு என்பதற்கு வகுப்பில் நான் ஒரு எதிர்வாதம் வைத்தேன். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்டுபிடித்த ஒட்டியும் ஒட்டாத பசைக்கு அப்போது எந்த வாடிக்கையாளரும் இல்லையே, தீர்வுதானே முதலில் வந்தது, அதுதானே பின்னால் போஸ்ட்-இட் என்ற ஒட்டி எடுக்கும் குறிப்புத் தாள் ஆனது என்று கேட்டேன். ஆசிரியர் கோபப்படவில்லை, நல்ல கேள்வி என்றே சொன்னார். அந்தப் பசை ஆறு வருஷம் சும்மா கிடந்தது, 1974-இல் ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியருக்குப் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள் விழுந்துகொண்டே இருந்த பிரச்சினை வந்த பிறகுதான் அதற்கு வழி பிறந்தது, கடைக்கு வர 1980 ஆகிவிட்டது, பெரிய நிறுவனத்தால் அத்தனை வருஷம் காத்திருக்க முடியும், உங்களுக்கு 12 வாரம்தான் இருக்கிறது என்றார். மறுத்துப் பேசினால் மதித்துப் பதில் சொல்கிற ஆசிரியர் கிடைத்தது இந்தப் பாடத்தின் பாதி மதிப்பு.

ஏழாவது, எட்டாவது வாரம் கணக்கு. பலர் பயப்படுகிற பகுதி, ஆனால் கூட்டல் கழித்தல் வகுத்தல் தெரிந்தால் போதும். எங்கள் பழைய யோசனையையே வைத்துப் போட்டுப் பார்த்தோம். ஒரு அறிக்கைக்கு வாங்குகிற தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதம், மை, பைண்டிங்குக்கு 55. கொண்டு போய்க் கொடுப்பவருக்கு 20. மிச்சம் 25. பிரிண்டர் வாடகை மாதத்துக்கு 2,000 என்றால், 80 அறிக்கை போனால்தான் வாடகையே வரும், அதற்கு மேல்தான் லாபம். சரி, 80 முடியும் என்று நினைத்தோம். அப்புறம் யாரோ ஒருவர், போகிற நேரத்தில் ஆள் அறையில் இல்லையென்றால் இரண்டாவது தடவை போக வேண்டுமே என்றார். 20 என்பது 30 ஆனது. மிச்சம் 15. உடனே 80 என்பது 134 ஆகிவிட்டது! பத்தே பத்து கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம். அதோடு, அறிக்கைகள் செமஸ்டர் முடிகிற இரண்டு வாரத்தில்தான் மொத்தமாக வரும், வாடகையோ எல்லா மாதமும் போகும். இந்த ஒரு தாள் கணக்கை முதல் வாரமே போட்டிருந்தால் பிரிண்டர் பேச்சே எழுந்திருக்காது.

டீமில் ஒருவர் கடைசி வரை பிரிண்டரை வாங்கிவிடலாம் என்று நின்றார். அந்தச் சமயத்தில்தான் இரண்டு கம்பெனிகளின் கதையை அடுத்தடுத்து நடத்தினார்கள். வெப்வேன் என்ற இணைய மளிகை நிறுவனம், தேவை எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே பிரம்மாண்டமான தானியங்கிக் கிடங்குகளைக் கட்டி, 2001-இல் திவாலானது. ஜாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடையைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன் 1999-இல் செய்தது நேர் எதிர். பக்கத்துக் காலணிக் கடைகளில் செருப்பு, ஷூக்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார், யாராவது ஆர்டர் செய்தால் கடைக்குப் போய் அதே விலைக்கு வாங்கி அனுப்பினார். ஒவ்வொன்றிலும் நஷ்டம்தான், ஆனால் பார்க்காமலே, போட்டுப் பார்க்காமலே இணையத்தில் ஷூ வாங்குவார்களா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பிரிண்ட் யோசனையை விட்டுவிட்டு, அறிக்கையை வடிவமைத்துக் கொடுப்பது என்று மாற்றிக்கொண்டு நாங்களும் அப்படியே செய்தோம். மென்பொருள் எதுவும் எழுதவில்லை. ஆறு பேருடைய அறிக்கையை வாங்கி, நாங்களே உட்கார்ந்து மார்ஜின், பக்க எண், பொருளடக்கம், மேற்கோள் பட்டியல் எல்லாம் சரி செய்து கொடுத்தோம், காசு வாங்கிக்கொண்டுதான். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக நான்கு மணி நேரம் ஆனது. நாங்கள் நினைத்திருந்தது ஒரு மணி நேரம். ஆறில் ஐந்து பேர் தங்கள் நண்பர்களை அனுப்பினார்கள்.

விருந்தினர் உரை இரண்டு. முதலாமவர் தன் வெற்றியைப் பற்றிப் பேசினார், நன்றாகத்தான் இருந்தது, இப்போது ஒன்றும் ஞாபகம் இல்லை. இரண்டாமவர் தன் கம்பெனியை மூடியவர். கடைசி மூன்று மாதம் எப்படி இருந்தது என்று சொன்னார். ஆர்டர் இல்லாமல் மூடவில்லையாம், நிறைய ஆர்டர் இருந்ததாம். வாடிக்கையாளர்கள் 90 நாள் கழித்துப் பணம் கொடுப்பார்கள், சம்பளம் 30 நாளுக்கு ஒரு தடவை போட வேண்டும். ஆர்டர் கூடக் கூட அந்த இடைவெளியும் பெருகியது. காகிதத்தில் லாபம், வங்கிக் கணக்கில் ஒன்றுமில்லை. வகுப்பே மூச்சுவிடாமல் கேட்டது. இப்படி ஒருவரைக் கூப்பிட்டதற்கு ஆசிரியருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனி குறைகள். எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்த விஷயம் மதிப்பெண் பிரித்த விதம். கடைசி நாள் பிட்ச்சுக்கு 40 மார்க், பேட்டிக் குறிப்புகளுக்கு 10 மார்க். எட்டு வாரம் எதைச் சொல்லிக் கொடுத்தார்களோ அதற்குப் பத்து, ஏழு நிமிடப் பேச்சுக்கு நாற்பது. ஒரு வாடிக்கையாளரிடமும் பேசாத டீம் ஒன்று, சந்தையின் மொத்த அளவைப் பெரிய எண்ணாகப் போட்டு, "இதில் ஒரே ஒரு சதவீதம் நம்மிடம் வந்தால் போதும்" என்று அழகான ஸ்லைடு காட்டி முதல் பரிசு வாங்கியது. அந்த ஒரு சதவீதம் எப்படி வரும், முதல் பத்துப் பேர் யார் என்று நடுவர்கள் யாரும் கேட்கவில்லை. அந்த டீம் மேல் எனக்குக் கோபம் இல்லை, மார்க் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாணவர்கள் உழைப்பார்கள். இதை ஆசிரியரிடமும் சொன்னேன், கவனமாகக் கேட்டுக்கொண்டார், மதிப்பெண் முறை தன் கையில் மட்டும் இல்லை என்றார்.

டீம் மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்று என்பதும் சரியில்லை. எங்கள் ஐவரில் ஒருவர் ஆறாவது வாரத்துக்குப் பிறகு வரவே இல்லை, மார்க் மட்டும் சமமாக வந்தது. நிறுவனர்கள் பங்கை முதல் நாளே பிரித்துக் கையில் கொடுக்காமல் நான்கு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, அதுவும் முதல் வருஷம் முழுதாக இருந்தால்தான் என்று எழுதி வைக்கிற வழக்கம் இருக்கிறது என்று அதே வகுப்பில்தான் படித்தோம். அதையே டீமுக்கும் வைத்திருக்கலாமே. பதிவு, வரி, ஒப்பந்தம் பற்றி அரை மணி நேரம்கூட இல்லை. அறிமுகப் பாடம்தான் என்றாலும், காசு வாங்கத் தொடங்கிய பிறகு எதற்கு ரசீது கொடுக்க வேண்டும் என்றே தெரியாமல் நாங்கள் முழித்தோம்.

வேலைப் பளு அதிகம், அதையும் தெரிந்துகொண்டு எடுங்கள். வாரத்துக்கு வகுப்பு போக ஏழெட்டு மணி நேரம் வெளியே போகும், கனமான செமஸ்டரில் எடுத்தால் திணறிவிடுவீர்கள். யோசனை எதுவும் கையில் இல்லையே என்று தயங்க வேண்டாம், எங்கள் வகுப்பில் முதல் நாள் யோசனையோடு கடைசி வரை போனது இரண்டே டீம்தான். புதியவர்களிடம் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன், நானும் அப்படித்தான், பத்தாவது ஆளிடம் பேசும்போது கை நடுங்கவில்லை. ஏற்கெனவே எதையாவது விற்றுக்கொண்டிருப்பவர்கள் கணக்கு வாரங்களுக்காகவும் அந்த இரண்டாவது விருந்தினர் போன்றவர்களுக்காகவும் உட்காரலாம், மற்றது தெரிந்ததாகத்தான் இருக்கும்.

பாடம் முடிந்து மார்க்கும் வந்துவிட்டது. வடிவமைத்துக் கொடுக்கும் வேலையை டீமில் இருந்த ஒருவரும் நானும் விடவில்லை. போன வாரம் இரண்டு அறிக்கை வந்தது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைத்திருக்கிறோம், நான்கு மணி நேரம் இப்போது இரண்டே கால் மணி நேரத்துக்கு வந்திருக்கிறது, அதை வைத்துத்தான் இந்தத் தடவை விலை சொன்னோம்.