40க்கு 30 அடி கராஜ்: அளவு எழுதாத விலைப்பட்டியலுக்கு முற்பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு

கிளிநொச்சி மாவட்டத்தில், எங்கள் வீட்டு வளவுக்குள், வீட்டோடு ஒட்டாமல் தனியாகக் கட்டுவித்த கராஜ் ஒன்றில் நாங்கள் எவ்வாறு ஏமாற்றப்பட்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன். உழவு இயந்திரம், அதன் பெட்டி, லாண்ட்மாஸ்டர் என்னும் இரு சக்கர உழவு இயந்திரம், ஒரு வான் ஆகியவற்றை விட்டு, அறுவடைக் காலத்தில் நெல் மூடைகளையும் அடுக்கக்கூடிய அளவில் அது திட்டமிடப்பட்டது. வேலையை எடுத்த ஒப்பந்தகாரரின் பெயரை, பிணக்கு இன்னும் முடியாததால், நான் குறிப்பிடவில்லை. ஆனால் அவர் இப்போது முல்லைத்தீவுப் பக்கம் இதே மாதிரியான வேலைகளுக்கு விலை கொடுத்து வருகிறார் என்று அறிந்ததால், அவர் செய்த விதத்தையாவது மற்றவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவர் தந்த விலைப்பட்டியல் ஒரு பக்கம். "40க்கு 30 அடி கராஜ், கொங்கிறீற்றுத் தூண், இரும்புக் கூரை, சீமெந்துத் தரை, ரோலர் கதவு, பொருளும் கூலியும் சேர்த்து" என்ற ஒரு வரியும் அதன் கீழே ஒரு மொத்தத் தொகையும் மட்டுமே அதில் இருந்தன. தூணுக்கு 12 மில்லிமீற்றர் கம்பி, தரை 5 அங்குலம், கூரைக்கு 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பெட்டிக் குழாய், 0.47 மில்லிமீற்றர் தகடு என்பவற்றையெல்லாம் என் மச்சானும் அயலவர் ஒருவரும் இருக்கும்போது அவர் வாயால்தான் சொன்னார். அவற்றையும் எழுதித் தரும்படி கேட்டபோது, "அண்ணை, இதெல்லாம் நாங்கள் வழமையாப் போடுறதுதானே, எழுதினால் கடதாசிதான் நீளும்" என்று சிரித்தார். மொத்தத் தொகையில் பாதியை முற்பணமாக வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

எங்கள் வளவின் பின்பகுதி வயலை அண்டிய களிமண் தரை. காலபோக மழைக்கு ஊறிப் பெருத்து, கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து வெடிக்கும் மண் அது. அத்தகைய மண்ணில் தூண் குழியை இறுக்கமான படை வரும்வரை தோண்டிச் செல்ல வேண்டும் என்பது இந்தப் பகுதியில் வேலை செய்யும் மேசன்மார் எல்லோருக்கும் தெரியும். இவருடைய ஆட்களோ ஒன்றரை அடியோடு நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டபோது, ஆழமாகத் தோண்டினால் வெடிபொருள் ஏதும் இருக்கலாம், தன் பொடியன்கள் பயப்படுகிறார்கள் என்றார். கண்ணிவெடி அகற்றி, மீள்குடியேற்றத்துக்கு விடப்பட்ட காணி அது; அதே வளவில் அதைவிட ஆழமாகத் தோண்டித்தான் எங்கள் வீட்டு அத்திவாரமும் மலசலகூடக் குழியும் போடப்பட்டன. வெடிபொருளில் காலை இழந்தவர்கள் வாழும் ஊரில், அந்தப் பயத்தைச் சீமெந்தும் கூலியும் மிச்சம் பிடிப்பதற்கு ஒரு மறைப்பாக அவர் எடுத்ததைத்தான், போன பணத்தைவிட, என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலாவது காலபோக மழைக்குப் பின்னர், பாரம் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி நின்ற இடத்தில் தரை தாழ்ந்து வெடிப்பு விழுந்தது. ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தரான உறவினர் ஒருவரை அழைத்து, வெடித்த பகுதியை உடைத்துப் பார்த்தோம். கொங்கிறீற்று 3 அங்குலம்கூடச் சில இடங்களில் இல்லை. அதன் கீழே கிரவல் போட்டு இறுக்கியதற்கான அடையாளமும் இல்லை. 1,200 சதுர அடித் தரைக்கு 5 அங்குலத்தில் 500 கன அடி, அதாவது 5 கியூப் கொங்கிறீற்று வேண்டும்; 3 அங்குலத்துக்கு 3 கியூப் போதும். ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி என்ற கலவையில் ஒரு கியூப்புக்கு ஏறத்தாழ 18 பை சீமெந்து செல்லும் என்பதால், தரையில் மட்டும் 36 பை சீமெந்தும் அதற்குரிய மணலும் சல்லியும் எங்கள் வளவுக்குள் வராமலே போயிருக்கின்றன. தளம் ஒருமுறை மட்டப்பலகையால் இழுத்து மினுக்கப்பட்ட பின்னர், 3 அங்குலமும் 5 அங்குலமும் மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுதான்.

அதன் பின்னர் உறவினர் ஒவ்வொன்றாக அளந்தார். வெடிப்பு விழுந்த தூணின் அடியைக் கொத்தியபோது 10 மில்லிமீற்றர் கம்பிதான் வெளிப்பட்டது. பெயரளவில் இரண்டு மில்லிமீற்றர்தான் வித்தியாசம். ஆனால் இழுவையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பு 30 வீதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. கூரைக் குழாயின் முனையில், தடிப்பு அளக்கும் வேணியர் கருவியை வைத்துப் பார்த்தபோது 1.2 மில்லிமீற்றர். அப்படி மெலிந்த குழாயை வெல்டிங் பண்ணும்போது சுவர் எரிந்து ஓட்டை விழும் என்பதால், பல மூட்டுகளில் ஒரு பொட்டு வைத்துவிட்டு மேலே பெயின்ற் அடித்திருந்தார்கள். ஒரு பக்கம் பெரிய வாசலோடு இருக்கும் கராஜுக்குள் காற்று புகுந்தால் அது கூரையை உள்ளிருந்து மேல்நோக்கித் தள்ளும். வயல்வெளிக்கு முகம் கொடுத்து நிற்கும் கட்டடத்தில், கச்சான் வீசும் ஆடி மாதத்தில், அந்த மூட்டுகளை நம்பி யார் உள்ளே படுப்பது? ரோலர் கதவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை; அது மட்டும் சொன்னபடியே வந்தது, அதுதான் தெருவில் போகிறவர்களின் கண்ணில் படுவது.

பிரதேச சபையின் கட்டட அனுமதி பற்றியும் ஆரம்பத்திலேயே அவரிடம் கேட்டிருந்தோம். வாகனம் விடும் கொட்டகைக்கு அதெல்லாம் தேவையில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். அத்திவாரமும் தூணும் உள்ள நிரந்தரக் கட்டடத்துக்கு, அது வீட்டிலிருந்து தனியாக நின்றாலும், அனுமதி எடுக்கத்தான் வேண்டும். அனுமதிக்கு வரைபடம் கொடுக்க வேண்டும். வரைபடம் இருந்தால் அதில் அத்திவாரத்தின் ஆழமும் தூணின் பருமனும் குறிக்கப்பட்டிருக்கும். அனுமதி வேண்டாம் என்று அவர் சொன்னது எங்களுக்கு அலைச்சலைக் குறைக்க அல்ல என்பது பின்னர்தான் விளங்கியது.

அளந்தவற்றைக் கொண்டுபோய்க் காட்டியபோது, பொருட்களின் விலை ஏறிவிட்டது என்றார். விலை ஏறியிருந்தால் கூடுதலாகக் கேட்டிருக்கலாமே என்றதற்குப் பதில் இல்லை. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்த பின்னர் விடயம் மத்தியஸ்த சபைக்குச் சென்றது. அங்கே அவர் அந்த ஒரு பக்க விலைப்பட்டியலையே எடுத்து நீட்டி, "இதில் எழுதியதில் எதை நான் செய்யவில்லை?" என்று கேட்டார். கராஜ் இருக்கிறது, தூண் இருக்கிறது, தரை இருக்கிறது. எங்களுக்குச் சாதகமாக நின்றது மச்சானினதும் அயலவரினதும் சாட்சி மட்டும்தான். தவணை முறையில் ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தருவதாக இறுதியில் ஒத்துக்கொண்டு, முதல் தவணையைக் கட்டினார். அதன் பின்னர் தொலைபேசியை எடுப்பதில்லை.

எனவே, கராஜ் கட்ட நினைப்பவர்கள் விலைப்பட்டியலில் குழியின் ஆழம், கம்பியின் பருமன், தரையின் தடிப்பு, கலவை விகிதம், குழாயினதும் தகட்டினதும் தடிப்பு ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். எழுத மறுப்பவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள். குழாய் வந்து இறங்கியதும் ஒன்றைத் தராசில் வையுங்கள். 4க்கு 2 அங்குலப் பெட்டிக் குழாய் 20 அடி நீளத்துக்கு, 2 மில்லிமீற்றர் தடிப்பென்றால் ஏறத்தாழ 28 கிலோ நிறுக்கும், 1.2 மில்லிமீற்றரென்றால் 17 கிலோதான் வரும். கம்பியும் அப்படித்தான்: 6 மீற்றர் நீளமுள்ள 12 மில்லிமீற்றர்க் கம்பி 5.3 கிலோ, 10 மில்லிமீற்றர்க் கம்பி 3.7 கிலோ. வேணியர் இல்லாத வீட்டிலும் நெல் நிறுக்கும் தராசு இருக்கும். குழி தோண்டியவுடனும், கம்பி கட்டியவுடனும், கொங்கிறீற்று ஊற்றுவதற்கு முன்னர், அளவுநாடாவை உள்ளே விட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டே அடுத்த தவணையைக் கொடுங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு காலபோக மழை கழியும்வரை பிடித்து வைப்பதற்கும் முதலிலேயே உடன்படிக்கை எழுதிக்கொள்ளலாம். நேர்மையாக வேலை செய்யும் ஒப்பந்தகாரர்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள், இப்போது எங்கள் கூரையைத் திருத்துபவர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.

அவர் மூட்டுகளை மீண்டும் ஒட்டி, இடையிடையே 2 மில்லிமீற்றர்க் குழாய் கொடுத்து, கூரையைத் தூண்களோடு இரும்புப் பட்டியால் இறுக்கியிருக்கிறார். தரையை உடைத்துப் போடுவதைச் சிறுபோக அறுவடைக்குப் பின்னர் பார்க்க வேண்டும். அதுவரை பெட்டி வெளியே நிற்கிறது. பழைய ஒப்பந்தகாரர் மீதித் தவணையைக் கட்டாததால் நாங்கள் மீண்டும் மத்தியஸ்த சபைக்கு எழுதியிருக்கிறோம். அங்கும் முடியாவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்று சபை தரும் இணக்கமின்மைச் சான்றிதழைப் பெற்று நீதிமன்றம் செல்வதாக இருக்கிறோம்.