அப்ரண்டிஸ் வேலைக்கு டிபாசிட் கேட்டால் கொடுக்காதீர்கள்

கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு டெஸ்க்டாப் சப்போர்ட் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு சென்னை வந்தேன். வடபழனியில் ஒரு மாடி ஆபீஸ். "ஒரு வருஷம் அப்ரண்டிஸ், கவர்மென்ட் சர்டிபிகேட், அப்புறம் பெர்மனன்ட்" என்றார்கள். திருப்பித் தருவதாகச் சொல்லி 25,000 ரூபாய் டிபாசிட் வாங்கினார்கள். அம்மா வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம். கூடவே ஒரிஜினல் மார்க்‌ஷீட்டுகளையும் "வெரிஃபிகேஷனுக்கு" என்று வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார்கள்.

நான்கு மாதமும் பில் என்ட்ரிதான் போட்டேன். ஒரே ஒருநாள் சீனியர் அண்ணன் ஒருவர் தி.நகர் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வரும், ஸ்கிரீனில் ஒன்றும் வராது. ரேம் எனும் மெமரிப் பலகையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, 'டிக்' என்று இரண்டு பக்கமும் பூட்டு விழும்வரை அழுத்தினார். விண்டோஸ் வந்தது. நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். உதவித்தொகை கேட்டால், "அடுத்த மாசம் சேர்த்துப் போடுறோம்."

என் பழைய பிளேஸ்மென்ட் சார்தான் போனில் கேட்டார்: "உன் கான்ட்ராக்ட் நம்பர் என்னப்பா?" அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி வாரியம் என்ற அரசு அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். என் பெயரில் எந்தப் பதிவும் இல்லை.

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தத்தை அரசுத் தளத்தில் பதிய வேண்டும். நாட்ஸ் (NATS) என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டத் தளத்தில் உங்கள் லாகினிலேயே அதைப் பார்க்கலாம். பணம் கம்பெனிதான் உங்களுக்குத் தர வேண்டும். 2019-இல் திருத்திய விதியிலேயே டிப்ளமோவுக்கு மாதம் குறைந்தது 8,000, டிகிரிக்கு 9,000 ரூபாய். நாட்ஸில் ஒரு வருஷம் முடிந்ததும் சர்டிபிகேட் தருவது வாரியம், கம்பெனி இல்லை. சேரும் முன்பே ஒப்பந்த நம்பரைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், கையில் கொடுத்துவிட்டு வரக் கூடாது.

அப்பாவும் நானும் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கினோம். அதைக் காட்டிய அன்று சாயங்காலமே பீரோ திறந்தது. பணம் இன்னும் வரவில்லை. என் ஃபைலை உருவி எடுத்தபோது அதற்குக் கீழே முப்பது நாற்பது ஃபைல்கள் இருந்தன. அதில் ஒன்று உங்களுடையது என்றால், தனியாகப் போய்க் கெஞ்சாதீர்கள். முதலில் அந்த ரசீதை வாங்கிக்கொண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரோடு போங்கள்.