தகட்டு மரமா, முப்பரிமாண மரமா? பெங்களூரு – ஜோலார்பேட்டை தடத்துக்காக ஓர் ஒப்பீடு

பெங்களூரு கன்டோன்மென்ட்டிலிருந்து ஜோலார்பேட்டை வரையிலான, 1864-இல் திறக்கப்பட்ட பாதையை, கணினியில் ரயில் ஓட்டிப் பார்க்க உதவும் ஓப்பன் ரெயில்ஸ் சிமுலேட்டருக்காக அமைத்துவருகிறேன். தண்டவாளம், சிக்னல், நடைமேடை ஆகியவற்றில் எதைப் பயன்படுத்துவது என்பதை எளிதாக முடிவு செய்துவிட்டேன். மரங்கள் மட்டுமே நெடுநாள் யோசிக்கவைத்தன. ஒரு வழி, மரத்தின் ஒளிப்படத்தை ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் இரண்டு தட்டையான தகடுகளில் ஒட்டுவது. மற்றொரு வழி, தண்டும் கிளையும் இலைக்கொத்தும் தனித்தனியாகக் கட்டப்பட்ட முப்பரிமாண மரம். ட்ரெயின்ஸ் சிமுலேட்டர் என்ற மற்றொரு ரயில் சிமுலேட்டரின் 2010 பதிப்பில், முப்பரிமாண மரங்களை உருவாக்கும் ஸ்பீட்ட்ரீ நுட்பம் வந்தபின் பலரும் விரும்பத் தொடங்கியது இதைத்தான். நான் தகட்டு மரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கணினியின் சுமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணினி எந்த உருவத்தையும் சிறு முக்கோணங்களாகவே வரைகிறது. தகட்டு மரத்துக்கு நான்கு முக்கோணங்கள் போதும், இருபுறமும் வரைந்தால் எட்டு. முப்பரிமாண மரத்துக்குச் சில ஆயிரங்கள் ஆகும். தொலைவு கூடக்கூட எளிய வடிவத்துக்கு மாறும் ஏற்பாடு இருப்பதால் அந்தச் சுமை குறையும் என்பது உண்மை. ஆனால் அந்த மாற்றத்தின் கடைசிப் படியில் விலையுயர்ந்த முப்பரிமாண மரமும் தட்டையான படமாகத்தான் ஆகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் அறையிலிருந்து பார்க்கும்போது கண்ணில் படும் மரங்களில் பெரும்பாலானவை அந்தத் தொலைவில்தான் நிற்கின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: இந்த மண்ணின் மரம் கிடைக்கிறதா என்பது. ஆயத்த முப்பரிமாணத் தொகுப்புகளில் ஓக், பிர்ச், பைன் எனக் குளிர்நாட்டு மரங்களே நிறைந்திருக்கின்றன. நம் பாதையோ கிட்டத்தட்ட 500 மீட்டர் கீழிறங்கும் பாதை. இறங்க இறங்க மரங்கள் மாறுகின்றன. கே.ஆர்.புரம் தாண்டும்வரை தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை, புங்கை. மாலூரை ஒட்டித் தைலமரத் தோப்புகள். குப்பத்துக்கு அப்பால் பச்சூர், சோமநாயக்கன்பட்டி வழியாக இறங்கும்போது புளியும் வேம்பும் சீமைக்கருவேலமும். இந்த வரிசை சரியாக அமைந்துவிட்டால், நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்காமலேயே எங்கே இருக்கிறோம் என்பது பயணிக்குத் தெரிந்துவிடும். வரிசை தவறினால், இலை ஒவ்வொன்றும் காற்றில் அசைந்தாலும் அது வேறு ஏதோ ஒரு நாட்டின் பாதையாகவே தோன்றும்.

தைலமரத்தையே எடுத்துக்கொள்ளலாம். தொகுப்புகளில் கிடைப்பது பருத்த ஒற்றைத் தண்டுடன் தனித்து வளர்ந்த ஆஸ்திரேலிய மரம். கோலார் மாவட்டத் தோப்புகளில் நிற்பதோ, ஒருமுறை அடியோடு வெட்டப்பட்டு, அந்தக் கட்டையிலிருந்து இரண்டு மூன்றாகத் தழைத்து, வெளிச்சத்தைத் தேடி மெலிந்து உயர்ந்த தண்டுகள். அந்த உருவத்தை முப்பரிமாணத்தில் கொண்டுவர வேண்டுமென்றால் மாதிரியமைக்கத் தெரிந்த ஒருவர் பல நாள் உழைக்க வேண்டும்; தகட்டுக்கோ ஒரு நல்ல ஒளிப்படமும் பொறுமையும் போதும்.

பொறுமை எங்கெல்லாம் தேவைப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் எடுத்த படத்தில் நிழல் ஒருபக்கமாகப் பதிந்துவிடும். பிறகு சிமுலேட்டரில் சூரியன் எந்தத் திசையில் இருந்தாலும் மரத்தின் நிழல் மட்டும் மாறாது. ஆகவே பெங்களூருவின் மேகமூட்டமான பருவமழை நாட்களே படமெடுக்க ஏற்றவை. இலைகளின் இடைவெளியில் தெரியும் வானத்தை நீக்கியபின், அந்த வெற்றிடத்தை வெள்ளையாக விடாமல் இலையின் பச்சையாலேயே நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் தொலைவில் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வெளிறிய விளிம்பு தெரியும். இரண்டு தகடுகளில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றொன்று இருட்டாகவும் தெரிந்தால் குறுக்குவடிவம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பழைய மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் கோப்பு வடிவத்தில் இதற்கென்றே ‘குரூசிஃபார்ம்’ (சிலுவை வடிவம்) என்றொரு ஒளியமைப்பு உண்டு. ஓப்பன் ரெயில்ஸும் அதை ஏற்கிறது.

தகட்டு மரத்தை நான் இவ்வளவு நம்புவதற்கு இன்னொரு காரணம், மின்மயப் பாதையோரத்து மரங்கள் வெட்டப்படும் விதம். மேல்நிலை மின்கம்பியில் உரசாதிருக்கத் தண்டவாளத்தின் பக்கம் நீளும் கிளைகளை வெட்டிவிடுவதால், வேம்பும் புங்கையும் ஒருபுறம் மொட்டையாகவும் மறுபுறம் அடர்ந்தும் நிற்கின்றன. தண்டவாளத்துக்கு இணையான தகட்டில் முழு மரத்தின் படத்தையும், குறுக்கே நிற்கும் தகட்டில் ஒருபக்கம் வெட்டுண்ட மரத்தின் படத்தையும் ஒட்டி, வெட்டுப்பட்ட பக்கம் கம்பியை நோக்குமாறு திருப்பி வைத்தால், ஓட்டுநர் அறையிலிருந்து பார்க்கும்போது நாம் அன்றாடம் பார்க்கும் பாதையாகவே அது தெரிகிறது. எல்லாப் பக்கமும் சீராகப் பரந்த தொகுப்பு மரம் எதுவும் இந்த உணர்வை எனக்குத் தந்ததில்லை. ஆனால் இப்படிப்பட்ட மரங்களை ஒவ்வொன்றாகக் கையால் வைக்க வேண்டும். ஒரு பரப்பைக் குறித்தால் அதைத் தானாகவே மரங்களால் நிரப்பிக் காடாக்கும் வசதி தொலைவிலுள்ள தோப்புகளுக்கு மட்டுமே உதவும்.

முப்பரிமாண மரம் தெளிவாக வெல்லும் இடங்களும் உள்ளன. தென்னையும் பனையும் மட்டை விரிக்கும் விதத்தை இரண்டு தகடுகளால் காட்டவே முடியாது. ஜோலார்பேட்டைப் பக்கத்துத் தென்னைகள் அருகில் வரும்போதெல்லாம் இந்தக் குறை தெரிகிறது. உச்சி வெயிலில் தகட்டு மரத்தின் நிழல் தரையில் மெல்லிய பெருக்கல் குறியாக விழுகிறது. மேம்பாலத்திலிருந்து கீழே பார்த்தாலும் அதே குறிதான் தெரியும். காற்றில் அசைவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் கணினியின் கிராபிக்ஸ் கார்டு நடுத்தரமானது. உயர்ந்த வகைக் கார்டு வைத்திருப்பவர்கள் சுமையைப் பற்றி நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடி அணிந்து ஓட்டுபவர்களுக்கு அருகிலுள்ள தகடு இன்னும் தட்டையாகத் தெரியும் என்றே கருதுகிறேன், ஆனால் அதில் எனக்குப் பழக்கம் குறைவு. தடத்தைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: ஓடும் ரயிலிலிருந்து பார்க்கப்படும் மரங்களை எல்லாம் உள்ளூர் ஒளிப்படத்தால் ஆன தகடுகளாக வைக்கலாம், ரயில் நிற்கும் இடங்களில், நடைமேடையை ஒட்டி நிற்கும் சில மரங்களையும் தென்னைகளையும் மட்டும் முப்பரிமாணத்தில் வைக்கலாம். கன்டோன்மென்ட் நடைமேடையருகே ஒரு தூங்குமூஞ்சியை அவ்வாறு உருவாக்கும் வேலையை இப்போது தொடங்கியிருக்கிறேன்.