கரிசாலைத் தைலம், கெமிரி எண்ணெய், சீன வேர்: பல வருடம் தேய்த்துப் பார்த்த அனுபவம்

முப்பதைத் தாண்டியதும் எனக்கு உச்சியில் முடி மெலிய ஆரம்பித்தது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே இடத்தில்தான் வழுக்கை. அன்றிலிருந்து சிங்கப்பூரில் கைக்கு எட்டிய வைத்தியம் எதையும் விட்டுவைக்கவில்லை.

அதிக காலம் பயன்படுத்தியது கரிசலாங்கண்ணித் தைலம். தேக்கா சந்தையில் கீரைக்காரரிடம் சொல்லி வைத்து வெள்ளைப் பூ கரிசாலையாக வாங்குவேன். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மஞ்சள் பூவோடு படர்ந்து கிடப்பதைச் சிலர் இதுதான் என்று நினைக்கிறார்கள். அது வேறு செடி, கை வைக்க வேண்டாம். இலையை இடித்துச் சாறு பிழிந்து, தேங்காய் எண்ணெயோடு சிறு தீயில் காய்ச்ச வேண்டும். சாற்றில் ஈரம் இருக்கும்வரை எண்ணெய் சடசடக்கும். சத்தம் அடங்கி, அடியில் தங்கும் கசடு விரலில் மணலாக நெருடினால் இறக்கிவிடலாம். அவசரப்பட்டு இறக்கினால் இங்குள்ள புழுக்கத்துக்குச் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் காய்ச்சுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைப்பது பக்கத்து வீட்டு உறவுக்கு நல்லது.

பலன்? முடி உடைவது நன்றாகவே குறைந்தது. வறட்சி போய், ஓரத்து முடி கறுகறுவென்று பளபளத்தது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வந்த இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. எனவே பெருமை இலைக்கா எண்ணெய்க்கா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உச்சி மட்டும் மசியவே இல்லை.

கேலாங் சிராயில் வாங்கிய இந்தோனேசியக் கெமிரி எண்ணெய், நாம் சம்பாலில் அரைக்கும் புவா கெராஸ் கொட்டையின் எண்ணெய்தான். பளபளப்பு உண்டு, பிசுபிசுப்பு அதைவிட உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், இந்தோனேசியத் துறைமுகம் ஒன்றின் பெயரில் விற்ற மக்காசர் எண்ணெய் தடவிய தலைகளிடமிருந்து நாற்காலியைக் காப்பாற்ற, சாயும் இடத்தில் துணி விரித்து வைத்தார்கள். அந்த யோசனை என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துப்போய், எங்கள் சோபாவுக்கும் ஒன்று வந்தது.

சைனாடவுன் மருந்துக் கடையில் ஹோ ஷோ வூ வேர் கிடைக்கும். இதைச் சாப்பிட்ட ஹோ என்ற முதியவருக்கு நரை கறுத்ததாகச் சீனர்களின் பழங்கதை. கருப்பு பீன்ஸ் சாற்றில் வேகவைத்துப் பதப்படுத்துவார்கள். இதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் உண்டு என்று மருத்துவர் சொன்னதும் நிறுத்திவிட்டேன். தலைக்காக ஈரலைப் பணயம் வைப்பதா!

பாட்டி வைத்தியத்துக்கு இவ்வளவு நல்ல பெயர் எப்படி வந்தது என்பது வீட்டிலேயே விளங்கியது. பிரசவமாகிச் சில மாதத்தில் மனைவிக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்டிய முடி, பிறகு தானே முளைத்தது. பெயர் வாங்கியது அத்தையின் எண்ணெய். அக்கா மகனுக்குப் புழுவெட்டு வந்தபோது சின்ன வெங்காயம் தேய்த்தோம், முடி வந்தது. புழுவெட்டுக்கு வெங்காயச் சாறு பலன் தந்ததாக 2002இல் ஒரு சிறிய ஈராக்கிய ஆய்வும் இருக்கிறது. ஆனால் பலருக்குப் புழுவெட்டு எதுவும் தேய்க்காமலே ஆறிவிடும்.

பரம்பரை வழுக்கை அப்படி இல்லை. கி.மு. 1550 வாக்கில் எழுதிய எகிப்திய மருத்துவ நூலான ஏபர்ஸ் சுவடி நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தடவச் சொல்கிறது. காரணத்தின் நுனியைப் பிடித்தவர்கள் கிரேக்கர்கள். விதையடிக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழாது என்று ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் குறிப்புகளில் இருக்கிறது. ஆண் ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்தே இதைச் செய்கின்றன என்று 1942இல் அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டினார். வெளியே தடவும் எந்த எண்ணெய்தான் அங்கே போய் மல்லுக்கு நிற்கும்?

இப்போது உச்சிக்கு மினாக்சிடில். ரத்த அழுத்த மாத்திரையாகத் தொடங்கி, 1988இல் அமெரிக்காவில் முடிக்கு அனுமதி பெற்றது. மெலிவு அதோடு நின்றிருக்கிறது, ஆனால் விட்டால் பழைய கதைதான். கரிசாலையையும் விடவில்லை. சனிக்கிழமை காலையில் தைலம், குளித்துத் தலை நன்றாகக் காய்ந்த பிறகு இரவில் மருந்து. இரண்டையும் ஒரே நேரத்தில் பூசுவதில்லை.